டொக் சாமி

ஊரில் யாராவது விரலை நீட்டிப் பேசினால் சண்டை வரும். அந்த ஏறுகூடத்தில் மட்டும் விரலை நீட்டியவர்களுக்கெல்லாம் ஞானம் வந்துகொண்டிருந்தது.

ஏறுகூடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பழைய கிடங்கு. உள்ளே உயரமான பலகைச் சுவர்கள். சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் பிடிகளைத் திருகி வைத்திருப்பார்கள். கீழே தடித்த மெத்தை. பாறை ஏறுகிறவர்கள் மழைக்காலத்தில் பழகுவது இங்கேதான். பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வளைந்தவர்களும் மாலையில் வந்து உச்சிவரை ஏறிவிட்டு, ஏறிய வழியே இறங்கி, வீட்டுக்குப் போவார்கள். இதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. அது விரல் சாமி வந்த பிறகுதான் ஆரம்பித்தது.

சாமி வந்தபின் கூட்டம் வாசலைத் தாண்டித் தெருமுனையில் திரும்பி நின்றது. வாகனம் நிறுத்த இடமில்லை. எல்லோரும் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தெருவில் போனவர்கள், இத்தனை பேரும் ஒரே நேரத்தில் அனுமதி கேட்டு எங்கே ஒதுங்கப் போகிறார்கள் என்று குழம்பினார்கள்.

விஷயம் இதுதான். பாறை ஏறுகிறவனுக்கு உயிர் விரல் நுனியில். மடக்கிய விரல்களில் மொத்த உடம்பையும் தொங்கவிடும்போது, விரலுக்குள் தசைநாணை எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய பட்டை சில சமயம் கிழிந்துவிடும். 'டொக்' என்று சத்தம் கேட்கும். பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்கும். டாக்டரிடம் போனால் "விரலுக்கு ஓய்வு குடுங்க" என்பார். ஏறுகிறவனிடம் ஓய்வெடு என்பது, மீனிடம் போய் "கொஞ்சம் கரைக்கு வந்து காற்று வாங்கேன்" என்பது மாதிரி.

இந்த இடைவெளியில்தான் சாமி புகுந்தார். தாடி இருந்தது. பாதிப் பட்டம் அதிலேயே கிடைத்துவிட்டது. கை வழுக்காமலிருக்க ஏறுகிறவர்கள் பூசும் வெள்ளைப் பவுடரை அவர் நெற்றியில் பூசிக்கொண்டார். மீதிப் பட்டமும் வந்துவிட்டது. "சாமி, இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று கேட்டால் கண்ணை மூடி, "மலை" என்பார். எந்த மலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாம்.

அவருடைய சித்தாந்தம் சுருக்கமானது.

"பாறைக்குக் கோபம் வந்தா, டொக்னு ஒரு சத்தமா விரலுக்குள்ள புகுந்துக்கும். உள்ள போன சத்தம் வெளிய வரணும். வந்துட்டா அப்புறம் வலி எங்க இருக்கும்?"

கூட்டம் சொக்கிப் போனது. முன்வரிசையில் இருந்த இயற்பியல் பேராசிரியர், "எவ்வளவு தர்க்கமா சொல்றார் பாருங்க!" என்றார். காலையில் வகுப்பில் ஒலி அலை நடத்திவிட்டு வந்த மனிதர்.

சிகிச்சையும் சுருக்கமானதுதான். விரலை மேசைமேல் வைக்க வேண்டும். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவார். வெளியே வரும் கோபம் கண்ணில் பட்டால் பார்வை போய்விடுமாம். தொட மாட்டார். தொளதொளத்த சட்டைக் கையோடு துண்டுக்கு ஒரு சாண் மேலே கையை ஆட்டுவார். "மோதிர விரல்!" என்பார். ஏறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அடிபடுவது நடுவிரல், இல்லாவிட்டால் மோதிர விரல். குருட்டுக் கல்லும் பாதி நேரம் மாங்காயில் விழும். பிறகு மந்திரம். பிறகு, 'டொக்!'

"போச்சு சாமி! வலி போச்சு!"

அப்புறம் உண்டியல். அதைப் பற்றிப் பேசுவதும் மரியாதைக் குறைவு.

கூடத்து முதலாளிக்கு ஒரே குஷி. அவருடைய செல்லப்பிள்ளை பல்லி. சுவரில் ஒட்டினால் ஒட்டினதுதான். அதனால் அந்தப் பெயர். போட்டி நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பல்லியின் மோதிர விரலில் டொக். பட்டை பாதி கிழிந்திருக்கிறது, பல வாரம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் வாரக்கணக்கில் முறைக்குக் காத்திருக்க, முதலாளி பல்லியை மட்டும் பின்கதவு வழியாக சாமியிடம் கொண்டுபோனார்.

துண்டு. மந்திரம். டொக்!

"இப்ப ஏறுடா கண்ணா" என்றார் சாமி.

கூட்டம் கைதட்டியது. பல்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வலி தெரியவில்லை. அந்தக் கைதட்டலில் காலை வெட்டி எடுத்திருந்தாலும் தெரிந்திருக்காது. விறுவிறுவென்று பாதிச் சுவர் ஏறினான். சின்னப் பிடி ஒன்றில் விரலை மடக்கித் தொங்கினான்.

டொக்.

இது சாமியின் டொக் இல்லை. பல்லி மெத்தையில் வந்து விழுந்தான். விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. பாதிக் கிழிசல் முழுக் கிழிசலாகிவிட்டது.

கூடம் உறைந்து நின்றது. சாமி மட்டும் உறையவில்லை. "ஏறும்போது ஒரு நொடி சந்தேகப்பட்டிருக்கான். பாறைக்குத் தெரியாதா?" என்றார்.

அவ்வளவுதான். விழுந்தவனைத் தூக்க வேண்டிய கூட்டம் அவனையே திட்டியது. "சாமி பேரையே கெடுத்துட்டியேடா!" என்றார் முதலாளி. நேற்றுவரை செல்லப்பிள்ளை.

பல்லிக்கு ஒரு அக்கா. பல் டாக்டர். (பல்லிக்கு அக்கா பல் டாக்டர் என்று ஊர் சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது.) கட்டுப்போட்ட கையோடு அவளுடைய மருத்துவமனைக்கு வந்து உட்கார்ந்தவன் அழுதான்.

"ஆபரேஷன்னு சொல்லிட்டாங்கக்கா. நான் நெஜமாவே சந்தேகப்பட்டேனோ? அதான் இப்படி ஆச்சோ?"

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. விரல் கிழிந்ததைவிட, அந்தக் கேள்விதான் அவளைச் சுட்டது.

"டேய், கிழிஞ்சது உன் விரல். அதுக்கு உன் மனசை ஏன்டா குத்தவாளி ஆக்குற? அந்த ஆள் சத்தத்தை வெளிய எடுத்தானே, அது உன் விரல்ல இருந்துதான் வந்துச்சுன்னு பார்த்தியா?"

"துண்டு போட்டிருந்துச்சேக்கா."

"அப்ப பார்க்கல. சரி. நான் பார்க்கிறேன்."

பல் அச்சு எடுக்கும் மாவைக் குழைத்தாள். ரப்பர் கையுறை ஒன்றுக்குள் ஊற்றினாள். இறுகியதும் கையுறையை உரித்தாள். ஐந்து விரலும் அட்டகாசமாக ஒரு கை! பல்லி அதைப் பார்த்தான். அழுது வீங்கிய முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

அடுத்த மாலை அக்கா சாமியின் முன்னால் பணிவாக நின்றாள். "சாமி, எனக்குத் தெரிஞ்ச பெரிய மனுஷர் ஒருத்தர். விரல் விறைச்சுக் கெடக்கு. ஆனா முகத்தைக் காட்ட மாட்டார். திரைக்குப் பின்னாடி இருந்து கையை மட்டும் நீட்டட்டுமா?"

பெரிய மனுஷர் என்றதும் சாமியின் கண்ணில் உண்டியல் குலுங்கியது. "பாறைக்கு முகமா முக்கியம்? வரச் சொல்லும்மா."

உடை மாற்றும் அறையின் திரைக்குள்ளிருந்து ஒரு சட்டைக் கை வெளியே வந்து மேசையில் படுத்தது. அக்கா அவசரமாகத் துண்டைப் போட்டு மூடினாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

சாமி கையை ஆட்டினார். "ஆகா! மோதிர விரல்! எவ்வளவு சூடு! மூணு வருஷத்துக் கோபம்!"

திரை குலுங்கியது. உள்ளே பல்லி சிரிப்பை அடக்க வாயில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தான்.

"அழறார்!" என்று கத்தினார் சாமி. "கல்லு மனசு கரையுது! அம்மாவோட பேசறதில்ல இல்லையா? பேசுங்க. எல்லாம் சரியாப் போகும்."

பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மந்திரம் உச்சத்துக்குப் போனது. டொக்! கூடமே அதிரக் கைதட்டல்.

"வலி போச்சு! விரலை மடக்குங்க ஐயா!"

மடங்கவில்லை.

"நம்பிக்கையோட மடக்குங்க!"

"இது எப்படி சாமி மடங்கும்?" என்று அக்கா துண்டை உருவினாள். வெள்ளை வெளேரென்று மாவுக் கை. திரையை இழுத்தாள். உள்ளே பல்லி, கட்டுப்போட்ட கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நல்ல கையில் மாவுக் கையின் மணிக்கட்டைப் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரித்தான்.

அக்கா அந்தக் கையைப் பிடுங்கிப் பேராசிரியரின் மடியில் வைத்தாள். "சார், கொஞ்சம் நாடி பாருங்க. பல் அச்சு எடுக்கிற மாவு. இதுக்கு அம்மா கிடையாது. மூணு வருஷத்துக் கோபமும் கிடையாது, நேத்து மத்தியானம்தான் பொறந்துச்சு. எலும்பும் இல்ல, பட்டையும் இல்ல. அப்ப டொக்னு சத்தம் போட்டது யாரு?"

சாமி இரண்டு கைகளையும் உயர்த்தி, "பாறையைச் சோதிக்காதே!" என்று முழங்கினார். டொக். "நான் சாபம் கொடுத்தா..." டொக், டொக். பதற்றத்தில் கை இறுகும்போதெல்லாம் சட்டைக் கைக்குள் டொக் கேட்டது.

கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. வாசல் பக்கம் ஓடினால் அங்கே வரிசை அடைத்து நின்றது. சாமி வேறு வழியில்லாமல் சுவரில் தாவி ஏறினார். இரண்டு பிடி ஏறினார். மூன்றாவதில் முழங்கால் தையல் இயந்திரம் மாதிரி ஆடத் தொடங்கியது.

"ஐயோ! இறக்கி விடுங்க! எனக்கு உயரம்னாலே பயம்!"

"கையை விடுங்க சாமி, கீழ மெத்தைதான்!" என்றான் பல்லி. "பாறை புடிச்சுக்கும்!"

விடவில்லை. ஆனால் அவருடைய சட்டைக் கைக்குள்ளிருந்து வேறொன்று நழுவி மெத்தையில் விழுந்தது. குழந்தைகள் கட்டைவிரலால் அமுக்கி விளையாடும் தகரப் பொம்மை. பேராசிரியர் எடுத்தார். அமுக்கினார்.

டொக்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருடைய முகம் போன போக்கை விவரிக்க எனக்குத் தெம்பில்லை.

கூட்டத்தில் ஒருத்திக்கு மட்டும் மனம் ஆறவில்லை. துணிக்கடை நடத்துகிறவள். "எல்லாம் சரிம்மா. ஆனா எனக்கு நெஜமாவே வலி போச்சே! அது எப்படி?"

"இங்க உங்க முறை வர எவ்வளவு காலம் ஆச்சு?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"அந்த ரெண்டு மாசமும் சுவர் ஏறினீங்களா?"

"எப்படி ஏறுவேன்? சாமியைப் பார்க்கிற வரைக்கும் ஏறக்கூடாதுன்னு சொன்னாங்களே!"

"டாக்டர் கேட்ட ஓய்வு அதான்மா. நீங்க வரிசையில நின்னே எடுத்துட்டீங்க. காத்திருக்காம உள்ள போனவன் என் தம்பி ஒருத்தன்தான். அவன் விரல்தான் போச்சு."

துணிக்கடைக்காரி தன் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். முதலாளி பல்லியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் மெத்தையைத் தடவிக்கொண்டிருந்தார். பல்லிக்கு ஆபரேஷன் நடந்தது. அந்த வருஷப் போட்டி போனதுதான். விரல் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, எந்த மந்திரமும் இல்லாமல்.

சாமியை ஏணி வைத்து இறக்கினார்கள். இப்போது வேறொரு ஊரில் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கிறாராம். அங்கேயும் கூட்டமாம்.

அன்பர்களே, காயம்பட்ட விரலுக்கு ஓய்வு கொடுங்கள், வேண்டியதுதான். ஒரு கீறல்கூட விழாத மூளைக்கு எதற்கய்யா வருஷக்கணக்கில் ஓய்வு?