வடைக்குள் ஒரு சூரியன்

உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் தங்கராஜு குடும்பம் வாசலில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டது.

“அதுக்குள்ளயா?” என்றார் கமலநாதன்.

“இன்னும் நாலு வீட்டு ஓப்பன் ஹவுஸ்ல சாப்பிடணும் சார். தீபாவளின்னா அப்படித்தான்லா.”

கமலநாதன் இயற்பியல் விஞ்ஞானி. சூரியனில் எரிகிற நெருப்பைப் பூமியில் மூட்டி, சுவரில் படாமல் காந்தத்தாலேயே பிடித்து வைப்பதுதான் அவர் ஆராய்ச்சி. வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் வாழ்நாளெல்லாம் உழைத்து, கல்யாணத்துக்குக்கூட நேரமில்லாமல் ஓய்வு பெற்று, இப்போதுதான் மலேசியாவில் சொந்த ஊரான கூலாய்க்குத் திரும்பியிருந்தார். அந்த நெருப்பு கொஞ்ச நேரம் நிற்கும், நழுவிவிடும். மனிதர்கள் அதைவிட வேகம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

யாராவது ஒருவர் உட்கார்ந்து தன் கதையை முழுசாகக் கேட்க வேண்டும். வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து வைக்கும் இந்த ஓப்பன் ஹவுஸே அதற்குத்தான்.

அடுத்து வந்த வாசுகி டீச்சரிடம் ஓர் உளுந்து வடையைத் தூக்கிக் காட்டினார்.

“எங்க மெஷின் இந்த ஷேப்புதான் டீச்சர். இந்த வளையத்துக்குள்ள பத்துக் கோடி டிகிரி நெருப்பு சுத்தும்.”

வாசுகி, கடித்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். “அதுலேர்ந்து கரண்டு எப்ப சார் வரும்?”

“இன்னும் முப்பது வருஷம் ஆகலாம்.”

“அப்ப நான் கெளம்புறேன் சார்.”

பிரியாணி கண்ணில் பட்டால்தானே சாப்பிட்டுவிட்டு ஓடுகிறார்கள்? பேசி முடித்தபிறகு பரிமாறலாம் என்று சமையலறைக் கதவைச் சாத்தினார். வந்தவர்கள் சாத்திய கதவைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். சற்று நேரத்தில் தாமான் குடியிருப்பின் வாட்சப் குழுவில் செய்தி வந்தது: “கமலநாதன் சார் வீட்டுல சாப்பாடு முடிஞ்சிருச்சு. யாரும் போகாதீங்க.”

பதறிப்போய் அவரே பதில் போட்டார்: “சாப்பாடு நிறைய இருக்கு. நான் பேசமாட்டேன்.”

அவ்வளவுதான், தாமானே டப்பாவும் கையுமாகச் சமையலறைப் பின்வாசலில் திரண்டது. “தாப்பாவ் பண்ணி வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுறோம் சார். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” மலாய்க்காரர்களும் சாப்பிட வேண்டுமே என்று முஸ்லிம் கடையில் போனிலேயே சொல்லி வரவழைத்த பிரியாணி, சட்டி சட்டியாகக் காலியானது. கூடத்துக்குள் ஒரு தலை எட்டிப் பார்க்கவில்லை.

வாடகைக்கு எடுத்துப் போட்ட காலி நாற்காலிகளைப் பார்த்தார். விஞ்ஞானி என்றாலும் மனுஷன்தானே, கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் முன்கேட்டில் தயங்கி நின்றார். அவர் வாயைத் திறக்குமுன் கமலநாதன் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தார். பெயர் அப்துல் பாசித் என்பதை மட்டும் சொல்ல விட்டார். பிறகு வடையை எடுத்தார்.

பாசித் ஓடவில்லை.

“அலமாக்! அந்த நெருப்பு சுவத்துல பட்டா?”

“சுவரும் கெட்டுப்போகும், நெருப்பும் அணைஞ்சிடும்.”

“அப்புறம்?”

கமலநாதன் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவரிடம் எல்லோரும் கணக்குத்தான் கேட்டிருக்கிறார்கள். ‘அப்புறம்’ என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். வெயில் சாய்ந்ததுகூடத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் பாசித்தின் போன் அடித்தது; ஏதோ முணுமுணுத்து வைத்துவிட்டு மறுபடி காதைக் கொடுத்தார். ஓய்வு பெறுவதற்கு முன் நடந்த கடைசிச் சோதனையில், பொத்தானை அழுத்திய இடம்வரை வந்துவிட்டார்.

“நீங்க எந்த வீடு பாய்? இனிமே அடிக்கடி வரணும்.”

பாசித் தலையைச் சொறிந்தார். “நான் இந்தத் தாமான் இல்ல சார். பிரியாணிக் கடை. காலிச் சட்டிய எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

கமலநாதனுக்கு மனசு விட்டுப்போயிற்று. சட்டிக்கு வந்த மனிதரையா இவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தோம்?

“மன்னிச்சிருங்க பாய். மொதல்லயே சொல்லியிருக்கலாமே. எடுத்துக்கிட்டு நீங்க கெளம்புங்க” என்று எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு சட்டிகூட இல்லை.

வாசலில் வேன் ஹார்ன் விடாமல் அலறியது. பாசித்தின் மனைவி மஜீதா இறங்கி விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

“சட்டியெல்லாம் மத்தியானமே பின்வாசல் வழியா நானே ஏத்திட்டேன் சார். போன் பண்ணா, ‘அந்த நெருப்பு நின்னுச்சா இல்லயான்னு தெரியாம வரமாட்டேன்’னு இந்த மனுஷன் என்னைய வேன்லயே உக்கார வெச்சிட்டாரு!”