அமைதி மீது நடந்த மூலகாரண விசாரணை

நெருப்பைக் கண்டுபிடித்தவருக்கும் சக்கரத்தைக் கண்டுபிடித்தவருக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் நன்றி சொல்ல வேண்டியவர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் பொது மேலாளர்தான். முதல் இருவரும் ஏதோ ஒரு வேகத்தில் கண்டுபிடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கென ஒரு படிவத்தைக்கூட விட்டுச் செல்லவில்லை. எங்கள் பொது மேலாளர் அப்படிப்பட்டவர் அல்ல. அவர் கண்டுபிடித்ததே ஒரு படிவம்தான்.

அதன் பெயர் 'மூலகாரண விசாரணைப் படிவம்'. நாங்கள் பாட்டில் மூடி தயாரிக்கிற நிறுவனம். எதையும் மூடுவதில் எங்களுக்கு நல்ல பெயர் உண்டு. எப்போதாவது ஒரு மூடி மூடாமல் போனால் இந்தப் படிவத்தை எடுப்போம். அதில் ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் 'ஏன்?' என்று அச்சிட்டிருக்கும். ஐந்து முறை விடாமல் 'ஏன்' கேட்டால் தவறின் ஆணிவேர் கைக்கு வந்துவிடும் என்பது தத்துவம்.

உதாரணத்துக்கு, மூடி ஏன் சரியாக உட்காரவில்லை? அச்சு தேய்ந்துவிட்டது. தேய்ந்த அச்சு ஏன் இன்னும் ஓடுகிறது? மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை? மாற்றச் சொல்லும் கடிதம் போகவில்லை. கடிதம் அனுப்ப வேண்டியவர் குமாஸ்தா. அந்தக் குமாஸ்தா நான். விசாரணை இத்துடன் இனிதே நிறைவுறும். கடிதம் ஏன் போகவில்லை என்று நான்காவதாகக் கேட்டால், அது இரண்டு மாதமாகப் பொது மேலாளரின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது தெரியவரும். அவ்வளவு ஆழமாகத் தோண்டினால் வேருக்கு வலிக்குமே என்று, கடைசி இரண்டு கட்டங்களிலும் 'பொருந்தாது' என்று எழுதிவிடுவோம். பதினோரு ஆண்டுகளில் எந்த விசாரணையும் மூன்றாம் 'ஏன்'னைத் தாண்டியதில்லை. மூன்றாம் 'ஏன்'னுக்குப் பதில் பெரும்பாலும் நான்தான்.

இத்தகைய பெருமகன் ஒரு நாய்க்குட்டி வாங்கினார். ஏதோ ஒரு பத்திரிகையில் அவர் ஒரு படம் பார்த்திருந்தார். மலை உச்சியில், முழங்கால் வரை பூட்ஸ் போட்ட ஒருவர் தொலைநோக்குப் பார்வையோடு நிற்கிறார். பக்கத்தில் நீண்ட காதும் புள்ளி உடம்புமாக ஒரு வேட்டை நாய். நம்மிடம் தொலைநோக்குப் பார்வை ஏற்கெனவே இருக்கிறது, நாய் மட்டும்தான் பாக்கி என்று அவருக்குப் பட்டுவிட்டது. பறவைகளைத் துரத்திக்கொண்டு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வயல்வெளியில் ஓடிய பரம்பரையின் வாரிசு, மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு பால்கனி கொண்ட வீட்டில் குடியேறியது. பெயர் வைத்தால் குணம் தானே வரும் என்று, பொது மேலாளர் அதற்கு 'அமைதி' என்று பெயர் சூட்டினார். அன்றுமுதல் அந்த வீட்டில் யாராவது ஒருவர் தொண்டை கிழிய அமைதியை அழைக்காத நேரமே இல்லை.

முதல் மாதத்தில் அமைதி, டி.வி. ரிமோட், மிதியடி, திரைச்சீலையின் கீழ்ப்பாதி ஆகியவற்றைப் பைசல் செய்தது. இரண்டாம் மாதம் மேலாளரின் மனைவியின் செருப்புகளைக் கையில் எடுத்தது. ஆறு ஜோடியிலும் பாரபட்சம் பார்க்காமல் இடது கால் செருப்பை மட்டும் தின்றது. பிறகு, 'சிறந்த மேலாளர்' என்று மரத்தில் செதுக்கிக் கொடுத்த கேடயத்தைப் பிடித்தது. இப்போது அதில் 'சிறந்த மே' மட்டும்தான் மிச்சம். பார்ப்பவர்கள் ஏதோ மாதத்துக்குக் கொடுத்த விருது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சாதாரண மனிதனாக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். எங்கள் பொது மேலாளர் குழு அமைத்தார். தலைவர் அவர், உறுப்பினர் அவர் மனைவி, செயலாளர் நான். "ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கீங்க, ஒரு மணி நேரம் வந்துட்டுப் போங்க" என்றார். நான் ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பதில்லை. ஆனால் அதைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

குழு பல நடவடிக்கைகளை எடுத்தது. கடிப்பதற்கு ரப்பர் எலும்பு வந்தது. அமைதி அதைப் பத்திரமாக வைத்துவிட்டு, எலும்பு வந்த பெட்டியைத் தின்றது. ஹாலில் கேமரா பொருத்தினோம். அதனால் சேதத்தை அலுவலகத்திலிருந்தே நேரலையில் பார்க்கும் வசதி கிடைத்தது. நாய்களைச் சாந்தப்படுத்தும் இசையைப் போட்டோம். இசை நன்றாகத்தான் இருந்தது, ஸ்பீக்கர் இருந்தவரையில். கடைசியாக, நாய் பழக்கும் நிபுணர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தோம். அந்த மனிதருக்கு மேலாண்மை ஞானமே கிடையாது. "காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட விடுங்க சார், அவ்வளவுதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பொது மேலாளர் அதையும் பெருந்தன்மையோடு ஏற்று, திட்டமாக்கினார். திட்டத்தின் பெயர் 'செங்குத்து உடற்பயிற்சி'. பொறுப்பு: பொது மேலாளர். தினமும் இரண்டு வேளை மூன்று மாடி இறக்கம், மூன்று மாடி ஏற்றம் என்று பதிவேட்டில் நான்தான் எழுதிவந்தேன். இறங்கியதும் ஏறியதும் லிஃப்டில் என்று எழுதவில்லை. அதற்குப் பதிவேட்டில் இடமில்லை.

பதினான்காம் சம்பவம் ஒரு சனிக்கிழமை நடந்தது. குடும்பம் கடைக்குப் போய் இரண்டு மணி நேரத்தில் திரும்பியது. கதவைத் திறந்தால் ஹால் முழுக்கப் பஞ்சு. சோபாவின் மேல் உட்காரக் கூடாது என்று அமைதிக்குக் கண்டிப்பான உத்தரவு இருந்தது. அது மேலே உட்காரவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தது.

"போதுங்க" என்றார் மேலாளரின் மனைவி. "ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்."

குட்டியை வாங்கிய நாய்ப் பண்ணையில் கேட்டபோது, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். வாங்கும்போது கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கியதால், காரணத்தை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி வரும். காரணம் எழுதுவதென்றால் நம் படிவம் இருக்கிறதே என்று, ஞாயிறு காலை பொது மேலாளர் எனக்குப் போன் செய்தார்.

நான் போனபோது, எட்டாவது படிக்கும் அவர் மகள் பால்கனியில் நாயைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் அமைதி எழுந்து வந்து என் காலடியில் படுத்து, ஷூ கயிற்றை மெல்ல ஆரம்பித்தது. எனக்கு அதைத் தள்ள மனம் வரவில்லை. நானும் அதுவும் படிவத்தின் ஒரே கட்டத்தில் குடியிருப்பவர்கள் அல்லவா.

விசாரணை தொடங்கியது.

"சோபா ஏன் கிழிஞ்சது? நாய் கடிச்சது. எழுதுங்க" என்றார் பொது மேலாளர். "ஏன் கடிச்சது? அடங்காத சுபாவம். ஏன் அடங்காத சுபாவம்? வேட்டை இனம். ஆக, குற்றம் அதோட பரம்பரையில இருக்கு. நாம ஒண்ணும் பண்ண முடியாது. மீதி ரெண்டு கட்டத்துல 'பொருந்தாது'ன்னு போட்டு அவங்ககிட்ட கையெழுத்து வாங்கிக்கோங்க."

நான் படிவத்தை அவர் மனைவியிடம் நீட்டினேன். இங்கே அந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் ஓர் அரசு அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கும் கவுன்டரில் இருக்கிறார். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். சொந்த அண்ணனின் விண்ணப்பத்தையே மூன்று முறை திருப்பிக் கொடுத்தவர். நாய் போய்த் தொலையட்டும் என்று அந்த வீட்டில் மனதார விரும்பியவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் பேனாவை எடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"நாலும் அஞ்சும் ஏன் காலியா இருக்கு?"

"காலியா இல்லையே. 'பொருந்தாது'ன்னு போட்டிருக்கே."

"பொருந்தாதுன்னா எதுக்கு அச்சடிச்சீங்க?"

"ஒரு முழுமைக்கு" என்றார் பொது மேலாளர்.

"எங்க கவுன்டர்ல 'பொருந்தாது'ன்னு போட்டா, ஏன் பொருந்தாதுன்னு தனித்தாள்ல எழுதி இணைக்கணும். இதுல நான் கையெழுத்துப் போட முடியாதுங்க."

"உனக்கு நாய் போகணுமா வேண்டாமா?"

"போகணும். முறைப்படி போகணும்." அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நாலாவது ஏன். வேட்டை நாய் வெளிய ஓடாம வீட்டுக்குள்ள ஏன் வேட்டையாடுது?"

"வெளிய ஓட ஏற்பாடு பண்ணியிருக்கோமே. பதிவேட்டைக் காட்டுங்க."

காட்டினேன். அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "ஆரம்பிச்ச நேரம் அஞ்சு முப்பது. முடிச்ச நேரம் அஞ்சு முப்பத்து மூணு. மூணு மாடி இறங்கி ஏற மூணே நிமிஷமா?"

"அது வேகமான இனம்."

"நீங்க?"

பொது மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். பால்கனியிலிருந்து மகளின் குரல் வந்தது. "லிஃப்ட்லதாம்மா போவாங்க. கீழ கதவு திறந்ததும் அமைதி வெளிய ஓடலாம்னு கயிற்றை இழுக்கும். அப்பா உடனே மூணாவது மாடி பட்டனை அமுக்கிடுவாங்க."

"நாலாவதுல எழுதுங்க" என்றார் அந்த அம்மாள் என்னிடம். "நாய் ஒரு நாள்கூட ஓடவில்லை. இப்ப அஞ்சாவது. ஏன் ஓடல?"

"காலையில ஒரே பனி..." என்றார் பொது மேலாளர்.

"பதிவேட்ல பனியா கையெழுத்துப் போட்டிருக்கு? பொறுப்புன்னு போட்டு யார் கையெழுத்துங்க அது?"

பொது மேலாளர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பதினோரு ஆண்டுப் பழக்கம். அது வந்தால் நான் எழுந்து நின்று, "என் தப்புதான் சார்" என்று சொல்ல வேண்டும். பழக்கதோஷத்தில் பாதி எழுந்தும்விட்டேன். ஆனால் ஷூ கயிறு நாயின் வாயில் இருந்ததால் முழுதாக எழ முடியவில்லை. மறுபடி உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு, பேசாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது.

பொது மேலாளர் மெல்லிய குரலில், "நான்தான். எழுதிக்கோங்க" என்றார்.

"சார், சரியா காதுல விழல. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். நன்றாகவே காதில் விழுந்திருந்தது. இன்னொரு முறை கேட்க ஆசையாக இருந்தது.

எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக என்றைக்குமே இருந்ததில்லை. அந்த அம்மாள் ஐந்து கட்டங்களையும் சரிபார்த்துவிட்டு, அடியில் அச்சிட்டிருந்த வரியைச் சத்தமாகப் படித்தார். "'இறுதி நடவடிக்கை: மூலகாரணத்தை அகற்றவும்.' அப்போ நாளைக்கு ஏழு மணி வண்டியில உங்களைத்தாங்க ஏத்தணும்."

பால்கனியில் மகள் சிரித்துவிட்டாள். அந்த அம்மாள் பேனாவை மூடிவைத்தார். "காரணம் ஒருத்தர், அனுப்புறது இன்னொருத்தரைன்னா, இந்த விண்ணப்பம் செல்லாது. வண்டிக்காரர்கிட்ட வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

திங்கட்கிழமை விடியற்காலையில் பொது மேலாளர் படிக்கட்டில் இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்காக. நாய் முன்னால் போனது, கயிறு நடுவில் போனது, அவர் பின்னால் போய்த்தானே ஆக வேண்டும். மைதானத்தை அமைதி இருபது சுற்றுச் சுற்றியது. அவர் இரண்டு. மூன்று வாரத்தில் வீட்டில் ஒரு பொருள் சேதமில்லை. நாய் பகலெல்லாம் ஹாலில் தூங்கியது, அவர் அலுவலகத்தில் தூங்கினார். தொப்பை இரண்டு அங்குலம் இறங்கியது. படத்தில் கண்ட அந்தத் தொலைநோக்குப் பார்வைகூட முகத்துக்கு வந்துவிட்டது. அது கண்காணாத தூரத்துக்கு ஓடிவிட்ட நாயைத் தேடுகிற பார்வை என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த அம்மாளும் ஏழாவது ஜோடிச் செருப்பு வாங்கிவிட்டார்.

அனுபவத்திலிருந்து பாடம் கற்பவரே தலைவர். எங்கள் பொது மேலாளர் நன்றாகக் கற்றுக்கொண்டார் என்பதற்கு, நான்காம் வாரம் வெளியான சுற்றறிக்கையே சான்று. நீண்ட ஆய்வுக்குப் பின், மூலகாரண விசாரணைப் படிவத்தின் நான்காம், ஐந்தாம் கட்டங்கள் காகிதச் சிக்கனம் கருதி நீக்கப்படுகின்றன. இனி மூன்று 'ஏன்' மட்டுமே.

இத்தனை ஆண்டுகள் அந்த இரண்டு கட்டங்களால் காகிதம் வீணானதற்குப் பொறுப்பு யார் என்றும் புதிய படிவத்திலேயே ஒரு விசாரணை நடந்தது. காகிதம் ஏன் வீணானது? உபயோகமில்லாத கட்டங்களை அச்சடித்ததால். அவை ஏன் உபயோகப்படவில்லை? அவற்றில் ஒரு காரணமும் எழுதப்படவில்லை. ஏன் எழுதப்படவில்லை? குமாஸ்தா பதினோரு ஆண்டுகளாக அவற்றில் 'பொருந்தாது' என்றே எழுதிவந்திருக்கிறார்.

எழுதச் சொன்னது யார் என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. படிவத்தைப் பார்த்தேன். அதைக் கேட்கும் கட்டத்தை எடுத்துவிட்டிருந்தார்கள்.