எதிர்வீட்டுச் சீனா

அமெரிக்காவில் சீன வல்லுநர் என்றொரு இனம் உண்டு. பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் பாவம், மொழி படித்து, ஊர் ஊராய்ச் சுற்றி, கடைசியில் "உறுதியாகச் சொல்ல முடியாது" என்று இழுப்பவர்கள். நான் சொல்லும் வல்லுநரிடம் இந்த இழுவையே கிடையாது. சீனாவைப் பார்த்திருக்க மாட்டார். பார்க்கும் ஆசையும் இல்லை. ஆனால் காலைக் காப்பி ஆறுவதற்குள், பெய்ஜிங்கில் இன்று யார் என்ன சதி செய்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லி முடித்துவிடுவார்.

ஓஹையோவில் மேப்பிள்ஃபோர்ட் என்ற சிற்றூரில், டயர் கடையை விற்றுவிட்டு ஓய்ந்திருக்கும் வெண்டல் ப்ராட் இந்த இனத்தின் அசல் வித்து. ரிபப்ளிகன் கட்சிக்காரர். அவருடைய சீனாவில் கம்யூனிசமும் வேவும் தவிர வேறெதுவும் விளையாது. புதன்தோறும் கோல்டன் வோக் என்ற சீன ஓட்டலில் இனிப்புக் கோழியை ஒரு கை பார்த்தபடியே, "உங்க ஆளுங்க என்னய்யா இப்படிப் பண்றாங்க?" என்று முதலாளி ஃபாங்கைக் கேட்பார். "யாரு, கிளீவ்லாண்ட் ஆளுங்களா?" என்பார் அங்கேயே பிறந்து வளர்ந்த ஃபாங். வெண்டலுக்கு அதுவும் ராஜதந்திரமாகத்தான் படும்.

எதிர்வீட்டில் இருப்பவர் வெண்டல் மனைவியின் தம்பி லைல் ஓஸ்குட். டெமாக்ரட். இவருடைய சீனாவில் ரயில் பறக்கும், கூரையெல்லாம் சூரியத் தகடு மின்னும். வேடிக்கையைக் கேளுங்கள். என்றைக்காவது வெண்டலின் கட்சிக்காரர் ஒருவர் சீனரோடு கைகுலுக்கிப் படமெடுத்துக்கொண்டால் போதும், அன்று மாலையே வெண்டல், "வியாபாரம்னா நாலு பேரோட பேசித்தான ஆகணும்" என்பார். லைலுக்கு உடனே திபெத் நினைவுக்கு வந்து கண் கலங்கும். சீனா இருந்த இடத்திலேயே இருக்கும். இவர்கள்தான் நாற்காலி மாற்றி மாற்றி உட்காருவார்கள்.

ஆக, வெண்டலுக்குக் கருத்து பிறக்கும் இடம் மூளையல்ல, எதிர்வீட்டுப் புல்வெளி. லைல் அங்கே என்ன பிரசாரப் பலகை நடுகிறாரோ, அதற்கு எதிர்ப்பலகை இவர் வாசலில் முளைத்துவிடும்.

இப்படி இருக்கையில்தான் சீன பேட்டரி கம்பெனி ஒன்று, ஊரில் பூட்டிக் கிடந்த ஃபிரிட்ஜ் தொழிற்சாலையை வாங்கி நடத்த முன்வந்தது. அனுமதி நகர மன்றத்தின் கையில். வெண்டல் திக்குமுக்காடிப் போனார். அவர் கட்சி கவர்னர் வரட்டும் என்கிறார். அதே கட்சியின் வாஷிங்டன்காரர்கள் கூடவே கூடாது என்கிறார்கள். சரி, எதிர்வீடு இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தால் வெறும் புல். பலகையைக் காணோம். மனிதர் எதை நம்பிக் கருத்துச் சொல்வார்?

அந்த நேரம் பார்த்து மகள் மெரிடித் குழந்தை ஹேசலை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இன்ஜினியர்; தொழிற்சாலை மூடியதிலிருந்து வேலை இல்லை.

"அப்பா, இது வந்தா எனக்கு இங்கயே வேலை. வரலேன்னா டெக்சாஸ்தான். அங்க கூப்பிட்டாச்சு."

"அப்ப குழந்தை?"

"அவள விட்டுட்டா போவேன்?"

ஹேசல் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை வெண்டலால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. "நானே மன்றத்துல பேசுறேன்டா கண்ணு. வரட்டும்னே பேசுறேன்." மனதாரத்தான் சொன்னார்.

மன்றக் கூட்டத்தில் ஊர்க்காரர் யாரும் மைக் முன்னால் மூன்று நிமிடம் பேசலாம். வெண்டலுக்கு முன் நின்றவர், வேறு யார், லைல். "இந்தக் கம்பெனி வரணும். இதுதான் எதிர்காலம். எதிர்க்கிறவன் அடுத்த இனத்தக் கண்டா எரியறவன்!" என்று முழங்கிவிட்டு, போகிற போக்கில் மச்சானை ஓரக்கண்ணால் ஒரு பார்வை வேறு பார்த்தார்.

வெண்டல் மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில் மெரிடித், அவள் மடியிலிருந்து ஹேசல் தாத்தாவுக்குக் கையாட்டுகிறது. "வரட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அந்த ஓரக்கண் பார்வை உள்ளே போய் என்ன செய்ததோ, ஐயோ, வாய் தானாகத் திறந்துகொண்டது! இன்று பேட்டரி என்பான், நாளை நம் படுக்கையறையில் ஒட்டுக்கேட்பான், மறுநாள் பள்ளிக்கூடத்தில் செங்கொடி ஏற்றுவான், மேப்பிள்ஃபோர்ட் எவனுக்கும் மண்டியிடாது என்று அவர் முடித்தபோது கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. அதுவரை தயங்கிக்கொண்டிருந்த உறுப்பினர் ஒருவர் அந்தக் கைத்தட்டலில் தெளிவடைந்தார். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அனுமதி போயிற்று.

வெளியே, கார்களுக்கு நடுவே, வெண்டல் மச்சானின் சட்டையைப் பிடித்தார்.

"சீனாக்காரன் தொழிலாளியப் பிழியிறான்னு போன மாசம்தானடா கத்தின? இன்னிக்கு எதுக்கு ஆதரிச்ச?"

"நீ எப்படியும் எதிர்ப்பேன்னு முந்திக்கிட்டேன்."

"நான் ஆதரிக்கத்தான்டா வந்தேன்!"

"அத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா நான் எதிர்த்திருப்பேன்ல!"

மெரிடித் ஹேசலைக் காரில் உட்காரவைத்து வார் மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "டெக்சாஸ்ல யாரு ஆட்சின்னு விசாரிச்சுக்கப்பா. நாங்க போறது நல்லதா கெட்டதான்னு நீ முடிவு பண்ணணுமே."

அந்த மாதமே சாமான் லாரி வந்தது. தொட்டிலைத் தூக்கி ஏற்றியவர்கள் வெண்டலும் லைலும்தான். ஆளுக்கொரு முனை. இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், நல்லது. உங்களுக்கு ஓஹையோவும் இல்லை, பேட்டரி கம்பெனியும் இல்லை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'இதை எழுதுகிறவன் எந்தப் பக்கத்து ஆள்?' என்று நடுவில் ஓரிடத்தில் தேடினீர்களா, இல்லையா? அது தெரிந்த பிறகு சிரித்துக்கொள்ளலாம் என்று சிரிப்பைக் கொஞ்சம் பிடித்துவைத்தீர்களா, இல்லையா?