வால்வெள்ளி போகட்டும்

மனிதர்களில் ‘வால்வெள்ளி போகட்டும்’ என்றொரு இனம் உண்டு. எங்கள் மிர்வெல் ஊரில் அது அமோகமாக விளைகிறது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், எரு போட வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை வானத்தில் ஒரு வால்வெள்ளி தலைகாட்டினால் போதும்.

அது அப்படி என்னதான் செய்துவிடும் என்கிறீர்களா? அது தெரிகிற அந்த ஒரு பகல் முழுக்க மந்திரமெல்லாம் தப்புத் தப்பாகப் பலிக்கும். விளக்கேற்ற மந்திரம் சொன்னால் அடுப்பங்கரையில் மழை பெய்யும். கதவைத் திறக்கச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் வாயைத் திறப்பார். அப்புறம் அதை மூடவைப்பது பெரும்பாடு. அதனால் அன்றைக்கு ஊரே ஆளுக்கொரு அவித்த கிழங்கை வாயில் அடக்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் ஒரு மந்திரமும் நழுவிவிடாதபடி உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் கிழங்கை விழுங்கிவிட்டு, வீட்டுக்கு ஒரு வாத்து என்று ஊர்க் கொப்பரையில் போட்டு விருந்து. ஒரே ஒரு பகல். அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் நம் ஆளுக்கு ஒரு பகல் எந்த மூலைக்கு? எங்கள் தெரு கெம்ரான் அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுகும் கூரை, புகையும் அடுப்பு, விடாத விக்கல் எல்லாவற்றுக்கும் மந்திரம் போடுவது அவர் தொழில். வால்வெள்ளி வருவதற்கு மாதக்கணக்கில் இருக்கும்போதே, “அது அங்கேருந்து கிளம்பிடுச்சு, என் முட்டி சொல்லுது” என்று கடையைச் சாத்திவிடுவார். வந்து போன பிறகோ, “இப்பத்தானே போயிருக்கு, சூடு ஆறட்டும்” என்பார். இரண்டுக்கும் நடுவில் மிச்சமிருக்கும் நாட்களில் மேகம் போட்டிருக்கும்; மேகத்துக்குப் பின்னால் அது ஒளிந்திருக்காது என்று யார் கண்டார்கள்? கஞ்சி அடிப்பிடித்தால் வால்வெள்ளி. செருப்பைக் கால் மாற்றிப் போட்டால் வால்வெள்ளி. மாமியார் வந்து ஒரு மாதம் தங்கியதையும் அதன் தலையில்தான் கட்டினார். பாவம், அது எங்கேயோ தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் போகட்டும். போன வருஷம் அந்த நாளில் நெல்காவின் புருஷன் உஸ்தினுக்கு விக்கல் எடுத்தது. ஊர் மொத்தமும் கிழங்கும் வாயுமாக உட்கார்ந்திருக்க, கெம்ரானுக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. கிழங்கை வெளியே எடுத்தார், மந்திரத்தைச் சொன்னார். விக்கல் நின்றது. உஸ்தினும் நின்றான், வாத்தாக.

அன்றிலிருந்து நெல்கா புருஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தினமும் வந்து நிற்பாள்.

“அண்ணே, இவரை எப்ப மாத்தித் தருவீங்க?”

“வால்வெள்ளி போகட்டும்மா.”

“அது போயி ரொம்ப நாளாச்சேண்ணே.”

“போனதைச் சொல்லலைம்மா. இனிமே வரப்போறதைச் சொல்றேன்.”

இப்படியே வருஷம் ஓடி, விருந்து நாளும் வந்துவிட்டது. கொப்பரைக்கு வாத்து பிடிக்கிற சமையல்காரர் தோமேக் நெல்கா வீட்டு வாசலில் நின்று உஸ்தினை மேலும் கீழும் பார்த்தார்.

“இது நல்லா தேறும்.”

“ஐயோ, அது என் புருஷன்.”

“வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இப்படித்தான் சொல்றீங்க, வாத்தைக் குடுக்க மனசு வராம. சரி, சாயங்காலத்துக்குள்ள ஆளா நின்னா விட்டுடறேன். வாத்தா நின்னா கொப்பரைதான்.”

கேட்க வேடிக்கையாக இருக்கிறது, இல்லையா? அவள் அந்த வாத்தைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் சிரிப்பு வந்திருக்காது.

காலையிலேயே ஊர் சந்தைத் திடலில் கூடி, வாயில் கிழங்கோடு அண்ணாந்து பார்த்தது. உச்சிப் பொழுது தாண்டியது. கழுத்து வலித்தது. வானம் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. வால்வெள்ளி வரவே இல்லை! கடைசியில் யாரோ ஒருவர் பொறுமை இழந்து கிழங்கைத் துப்பிவிட்டு, மந்திரம் சொல்லிச் சுருட்டைப் பற்றவைத்தார். சுருட்டு ஒழுங்காகப் பற்றியது. அவ்வளவுதான், திடல் முழுக்கக் கிழங்கு.

கெம்ரான் மட்டும் துப்பவில்லை. நெல்கா நேரே போய் அவர் வாயிலிருந்து கிழங்கைப் பிடுங்கினாள்.

“வானத்துல வால்வெள்ளியும் இல்ல, வாயில கிழங்கும் இல்ல. மாத்துங்கண்ணே.”

“வராததுதாம்மா ரொம்ப ஆபத்து. வந்திருந்தா எங்க இருக்குன்னாவது தெரியும். இப்ப அது எங்க நின்னு பாக்குதோ.”

தோமேக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஊர் முழுதும் கெம்ரானையே பார்த்தது. வேறு வழியில்லாமல் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்று சொல் சொன்னார். வாத்து இருந்த இடத்தில் உஸ்தின் முழித்துக்கொண்டு நின்றான்.

மூன்றே சொல்! தும்முவதற்குக்கூட இதைவிட அதிக நேரமாகும். இதற்காகவா ஒருத்தி ஒரு வருஷம் புருஷனைச் சுமந்தாள்? மனிதர் கூனிக்குறுகிப் போயிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

“பாத்தீங்களா? வால்வெள்ளி வராததாலதான் பலிச்சுது. இதைத்தானே நான் வருஷம் பூரா தலைபாடா அடிச்சுக்கிட்டேன்” என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

நெல்கா புருஷனைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “கொப்பரைக்கு நம்ம வீட்டு வாத்து வேணுமில்ல. சாயங்காலத்துக்குள்ள குளத்தங்கரைக்குப் போயி ஒண்ணு பிடிச்சிட்டு வாங்க” என்றாள்.

உஸ்தின் சோம்பல் முறித்தான். நிதானமாக வானத்தைப் பார்த்தான்.

“வால்வெள்ளி போகட்டும் நெல்கா.”

நெல்கா கெம்ரான் பக்கம் திரும்பினாள். “அண்ணே, இவரைப் பழையபடி வாத்தாக்கிடுங்க.”

“அதுக்கு வால்வெள்ளி வரணுமேம்மா” என்றார் கெம்ரான். வால்வெள்ளியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் ஊரில் வால்வெள்ளி கிடையாது. அதனால் மழை விடட்டும், வெயில் தணியட்டும், பண்டிகை முடியட்டும், மாசம் பிறக்கட்டும் என்று ஏதோ கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறீர்கள். எதற்கும் உங்கள் வாசலில் யாராவது வாத்தும் கையுமாக நிற்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்களேன். என்ன, இதைப் படித்து முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்கிறீர்களா? வாருங்கள், வாருங்கள், திடலில் கெம்ரான் அண்ணனுக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது.