வீட்டுக்குப் போவது எப்படி என்ற வகுப்பு

ஒரு காட்டில் ஓர் அலுவலகம் இருந்தது. காட்டில் எதற்கு அலுவலகம் என்று கேட்காதீர்கள். மற்ற இடங்களில் அது எதற்கு இருக்கிறது என்பதற்கே இன்னும் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

பழம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அங்கே வேலை. முன்பெல்லாம் பழம் வேண்டுமென்றால் மிருகங்கள் மரத்தடியில் போய் நிற்கும், விழுந்தால் தின்னும். பிறகு செல்போன் வந்தது. அதே மரத்தடியில் நின்றுகொண்டு, தலைக்கு மேல் தொங்கும் பழத்தைச் செல்போனில் கேட்கப் பழகிவிட்டன. கேட்டவர் வாயில் பழம் போய் விழும்வரை ஓடுவதற்கு அணில், குரங்கு, காட்டெலி, பறவை என்று ஒரு குழு இருந்தது. குழுவுக்கு மேலாளர் முள்ளம்பன்றியார். எல்லோருக்கும் முதலாளி புலியார்.

முள்ளம்பன்றியாரைப் பற்றிக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. அன்பானவர். "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று வாய் ஓயாமல் சொல்வார். சொன்ன கையோடு பக்கத்தில் நிற்பவரைக் கட்டி அணைப்பார். உணர்ச்சிவசப்பட்டால் அவருக்கு முள் நிமிரும். அணைக்கப்பட்டவர் அப்புறம் இரண்டு நாள் உடம்பில் முள் பிடுங்கிக்கொண்டிருப்பார். அந்த இரண்டு நாளையும் அலுவலகம் விடுமுறைக் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

குழுவில் மாசாணம் என்று ஓர் ஆண் இருவாச்சி இருந்தது. இருவாச்சிகளின் குடித்தனம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வாசலை மண்ணும் எச்சமும் வைத்துப் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். குஞ்சு வளரும்வரை அது வெளியே வராது. ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். வராவிட்டால் உள்ளே பட்டினி. கதை முடியும்வரை இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் வைத்துக்கொள்ளவில்லை.

மாசாணத்தின் மனைவி இசக்கி அப்படித்தான் ஒரு குஞ்சோடு பொந்துக்குள் இருந்தது. மாசாணம் பகலெல்லாம் காட்டுக்கே பழம் சுமந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு நாலு அத்திப்பழத்தோடு வரும்.

"இன்னைக்கும் நாலுதானா?" என்று கீறலுக்குள்ளிருந்து இசக்கி கேட்கும். "ஊருக்கெல்லாம் கூடை கூடையாக் கொண்டு கொட்டுதியளாம்?"

"அதெல்லாம் ஆர்டர், இசக்கி."

"அப்ப நானும் ஆர்டர் போடட்டுமா? நீங்கதான கொண்டு வருவீய."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, சுடலி என்ற மலையணில் மரம் விட்டு மரம் தாவுகையில் பாதி வழியில் தூங்கிப்போனது. அதன் கையிலிருந்த விளாம்பழம் நேராகப் புலியாரின் மண்டையில் விழுந்தது. சுடலிக்குக் கால் முறிந்தது. விளாம்பழம் சுக்குநூறானது. புலியார் பழத்துக்காக மிகவும் வருந்தினார்.

உடனே முள்ளம்பன்றியாரைக் கூப்பிட்டார். "உங்க டீம்ல வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவுல பேலன்ஸ் இல்ல. பேலன்ஸ் கொண்டு வாங்க. ஆனா வேலை குறையக் கூடாது."

விவரம் கெட்ட மேலாளராக இருந்தால், பொழுது சாய்ந்ததும் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். முள்ளம்பன்றியார் படித்தவர். ஓர் ஆலோசகரை அழைத்து வந்தார்.

ஆலோசகர் மலைப்பாம்பார். ஒரு தடவை சாப்பிட்டால் ஒரு மாதம் படுத்தே கிடப்பார். "இந்தக் காட்டுல இவரைவிட பேலன்ஸா வாழுறவர் யாராவது உண்டா?" என்று முள்ளம்பன்றியார் அறிமுகம் செய்தபோது யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. அந்த ஒரு தடவை என்ன சாப்பிடுவார் என்று கேட்க நினைத்த காட்டெலி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் கேட்கவில்லை.

வகுப்பின் பெயர், 'குடும்பத்தோடு நேரம் செலவிடுவது எப்படி'. வேலை நேரத்தில் வைத்தால் வேலை கெடும் என்பதால் வேலை முடிந்த பிறகு வைத்தார்கள். ஐந்தரைக்குத் தொடங்கி, கண் தெரியாமல் இருட்டும்வரை. தினமும் உண்டு. வராதவர்கள் குடும்பத்தின் மேல் அக்கறை இல்லாதவர்களாகக் கருதப்படுவார்கள்.

முதல் நாள் மூச்சுப் பயிற்சி. "மூச்சை வெளிய விடுங்க. இன்னும் விடுங்க. அப்படித்தான்" என்றார் மலைப்பாம்பார். "இப்ப யாருக்கு உடம்பு நல்லாத் தளர்ந்திருக்கு?"

காட்டெலி கையைத் தூக்கியது. நல்ல மாணவன்.

மறுநாளிலிருந்து காட்டெலியைக் காணவில்லை. 'நம் சகோதரர் முழு ஓய்வை அடைந்துவிட்டார்' என்று வாட்ஸ்அப் குழுவில் முள்ளம்பன்றியார் செய்தி போட்டார். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். காட்டெலியின் வேலை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

அடுத்து வந்தது வீட்டுப்பாடம். குடும்பத்தோடு சிரித்துக்கொண்டிருக்கும் படத்தைத் தினமும் குழுவில் போட வேண்டும். மாசாணம் போட்ட படத்தில் ஒரு மண்சுவர், ஒரு கீறல், கீறலில் ஓர் அலகு நுனி. முள்ளம்பன்றியார் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல உங்க வீட்டம்மா எங்க மாசாணம்?"

"இந்தா, இந்த மூக்குதான் சார்."

"சிரிக்கிற மாதிரியே தெரியலையே?"

"அவ வயிறாரச் சாப்பிட்டு எத்தனையோ நாளாச்சு சார். வகுப்பு முடிஞ்சு போறதுக்குள்ள இருட்டிருது. இருட்டுல எனக்கு அத்திமரம் தெரியாது. இன்னைக்கு மட்டும் கொஞ்சம் வெள்ளனவே வீட்டுக்குப் போய்க்கிடட்டுமா? குஞ்சு சத்தமே போடாமக் கிடக்கு சார்."

முள்ளம்பன்றியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, வீட்டுல எவ்வளவு சிக்கல்! இதுக்குத்தானே வகுப்பே நடத்துறோம். வகுப்பை விட்டுட்டு வீட்டுக்குப் போனா, வீட்டுக்குப் போறது எப்படின்னு நீங்க எப்பக் கத்துக்கிறது?"

மலைப்பாம்பார் தலையைத் தூக்கினார். "இவருக்குத் தனிக் கவனம் தேவைப்படுது. நானே வீடு தேடிப் போய்ப் பாக்குறேன். அந்த வளைஞ்ச ஆலமரத்துப் பொந்துதானே? உள்ள ரெண்டு பேரா?" என்றவர் நாக்கை ஒரு தடவை வெளியே நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டார். "நாளைக்கு வகுப்பு முடிஞ்சதும் வர்றேன்."

மாசாணம் வீட்டுக்குப் பறந்து போய்க் கீறலில் தலையை முட்டிக்கொண்டு அழுதது. வாயில் ஒரு பழம்கூட இல்லை.

"வேலையை விட்டுருதேன் இசக்கி."

"விட்டா மட்டும்? அதுக்குத்தான் வீடு தெரிஞ்சு போச்சே. வேலையில இல்லாதவன் வீட்டுக்கு வராதாக்கும்?" குஞ்சு மெலிசாகக் கீச்சிட்டது. "ஏங்க, அந்த முள்ளம்பன்றி எல்லாத்தையும் கட்டிப்பிடிக்கும்னு சொல்லுவியளே?"

"ஆமா."

"பாம்பு?"

"அது பிடிச்சா விடாது."

"ரெண்டும் ஒண்ணையொண்ணு கட்டிப்பிடிச்சு நீங்க பாத்ததில்லையோ?"

மாசாணம் அழுகையை நிறுத்தியது.

மறுநாள் வகுப்பில் பாடம், 'அன்பைத் தயங்காமல் வெளிப்படுத்துவது'. மாசாணம் எழுந்து நின்றது. "சார், எங்களுக்கெல்லாம் கூச்சமா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் எங்க முன்னால ஒருக்கா அணைச்சுக் காட்டினா, நாங்க பாத்துப் படிச்சுக்குவோம்."

"ஆமா சார்! பெரியவங்க வழிகாட்டணும்லா!" என்று சுடலி கட்டுப்போட்ட காலோடு எழுந்து கை தட்டியது. குரங்குகளுக்குக் காரணம் தேவையில்லை, அவையும் தட்டின. காடே அதிர்ந்தது.

மலைப்பாம்பார் கொஞ்சம் தயங்கினார். குழுவில் எல்லோரையும் அவர் மேலும் கீழும் அளந்து பார்த்திருக்கிறார், மேலாளரை மட்டும் அப்படிப் பார்த்ததில்லை. ஆனால் கைதட்டலுக்கு முன்னால் பாம்பென்ன, பன்றியென்ன! முள்ளம்பன்றியார் கண்ணில் நீர் மல்க ஓடிவந்து அணைத்தார். பழக்கதோஷம், மலைப்பாம்பார் சுற்றினார். உணர்ச்சிப் பெருக்கில் முள் நிமிர்ந்தது. வலியில் பாம்பு இறுக்கியது. இறுக்க இறுக்க முள் ஏறியது. முள் ஏற ஏற இன்னும் இறுக்கியது.

"விடுங்க சார்!"

"நீங்க முதல்ல விடுங்க!"

"நாம எல்லாம்... ஒரே..." என்ற குரல் பாதியில் நின்றது.

குழுவினர் இதைப் பாடத்தின் பகுதி என்று எடுத்துக்கொண்டு, மரியாதைக்குக் கொஞ்ச நேரம் உன்னிப்பாகப் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்குப் போனார்கள். இன்னும் வெயில் இருந்தது. மாசாணம் அத்திமரத்துக்குப் போய்த் தொண்டை கொள்ளும் மட்டும் பழம் நிரப்பிக்கொண்டது. அன்றைக்குக் குஞ்சு போட்ட சத்தத்தில் பக்கத்து மரத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மாசாணத்துக்கு அந்தச் சண்டையும் இனித்தது.

மேலாளரும் ஆலோசகரும் நாரை வைத்தியரிடம் படுத்துக் கிடந்தார்கள். ஒருவருக்கு முள் பிடுங்கினார்கள், மற்றவருக்கு எலும்பு கட்டினார்கள். அலுவலகத்தில் பழமெல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். யாரும் பாதி வழியில் தூங்கவில்லை.

இது புலியாரின் காதுக்கு எட்டியது. நேரில் வந்து மாசாணத்திடம் கேட்டார். "புகாரே வரலையே, என்ன செய்றீங்க?"

மாசாணம் நல்ல பறவை. ஆகவே உண்மையைச் சொல்லித் தொலைத்தது. "ஒண்ணும் செய்யலை சார். அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிருதோம்."

"வீட்டுக்கா?" புலியாரின் மீசை விறைத்தது. "அஞ்சு மணிக்கேவா? அப்ப நேரம் மிச்சமா இருக்குன்னு சொல்லுங்க. பக்கத்துக் காட்டுக்கும் பழம் அனுப்ப ஆரம்பிச்சிரலாமே!"

சுடலி நொண்டிக்கொண்டே முன்னால் வந்தது. "அண்ணாச்சிக்குச் சொல்லத் தெரியல சார். வீட்டுக்குப் போறது இல்ல, அது செய்முறை வகுப்பு. ஆலோசகர் படுக்கைக்குப் போறதுக்கு முந்தி ஆரம்பிச்சு வச்ச பாடம். அவங்கவங்க பொந்துல அவங்கவங்க செஞ்சு பாக்கணும். ராத்திரி பூரா நடக்கும்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை முழு நாள் சார். அதுதான் கஷ்டம்."

புலியார் நெகிழ்ந்துபோனார். "வேலையும் பாத்துட்டு, ராத்திரியெல்லாம் வகுப்புமா! இந்த உழைப்புக்குத்தான் நான் உங்களைத் தேடினேன். ஒருத்தர் விடாமப் போகணும். போகாதவங்க பேரை எனக்குச் சொல்லுங்க." அன்றே உத்தரவு வந்தது: ஐந்து மணிக்குமேல் அலுவலகத்தில் இருப்பது ஒழுங்கீனம்.

முள்ளம்பன்றியார் குணமாகித் திரும்பியபோது, இந்த மாபெரும் திட்டத்தைத் தந்ததற்காக அவருக்கு மாலை காத்திருந்தது. அது என்ன திட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை. மேலாளர் என்பதால் கேட்காமல் வாங்கிக்கொண்டார். மலைப்பாம்பார் வேறொரு காட்டில் 'அணைக்காமலே அன்பு காட்டுவது எப்படி' என்று பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இசக்கி மண்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பின்னாலேயே குஞ்சு எட்டிப் பார்த்தது. எதிர்க்கிளையில், அலகு நிறையப் பழத்தோடு, மாசாணம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"அப்பா இன்னைக்கு வேலைக்குப் போகலையாம்மா?" என்றது குஞ்சு.

"சத்தம் போடாதல. உங்கப்பா வகுப்புல இருக்காவ."

நீதி: வீட்டுக்குப் போகிறேன் என்பவன் சோம்பேறி, வீட்டுக்குப் போவது எப்படி என்ற வகுப்புக்குப் போகிறேன் என்பவன் உழைப்பாளி. இரண்டு பேரும் போய்ச் சேருவது வீட்டுக்குத்தான் என்பதைப் புலியிடம் மட்டும் சொல்லாதிருப்பாயாக.