வண்டியோடு சுற்றிய ஆரத்தி

பின்னால் உட்கார வைத்து உலகத்தையே சுற்றிக் காட்டுவேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லும் மோட்டார்க்காரர்களுக்கு ஒன்று தெரியாது. உலகத்தைப் பார்ப்பது கண். வழியில் இருக்கும் குழி மேடெல்லாம் போய்ச் சேர்வது வேறு இடத்தில்.

எனக்கு இது கல்யாணமான இரண்டாம் மாதமே தெரிந்துவிட்டது. எழுபதுகளின் கடைசி. என் வீட்டுக்காரர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டினார். புதிதாக ஒரு கப்சாய் மோட்டார், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள், வாங்கி, என்னை ஈப்போவுக்குப் படம் பார்க்கக் கூட்டிப் போனார். திரும்பி வந்து சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டேன். (படம் என்னவோ நல்ல படம்தான்.)

அடுத்து தலைத் தீபாவளி வந்தது. என் அம்மா வீடு பாகான் டத்தோவில், தென்னந்தோட்டத்துக்குள். ஈப்போ, கம்பார், பீடோர், தெலுக் அன்சன் எல்லாம் தாண்டிப் போக வேண்டும். தூரம்கூடப் பரவாயில்லை, அங்கே என் பெரியக்கா இருந்தாள். அவள் புருஷனிடம் நாலு சக்கரக் காடி இருந்தது. என் கல்யாணத்தன்றே, "பாவம்டி, நீ பஸ் மாறி மாறி வரணும்" என்று என் தலையைத் தடவியவள். அவள் கண் முன்னால் நான் புது மோட்டாரில் வந்து ராணி மாதிரி இறங்க வேண்டும். கோணிக்கொண்டு நடந்தேனோ, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஆக, உட்கார நல்ல மெத்தை வேண்டும். மடித்த கோணிச் சாக்கு அரித்தது. இவர் ஸ்கூட்டர் டியூபில் காற்றடித்துக் கட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு குழியிலும் வண்டி முதலில் போனது, நான் பிறகு போய்ச் சேர்ந்தேன். இலவம்பஞ்சுத் தலையணை சொர்க்கமாக இருந்தது, மழை வரும்வரை. நனைந்த பிறகு பழைய சோற்றுப் பானைமேல் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது.

"உங்க ஊருல தேங்கா நார்ல மெத்த செய்வாங்களே லா, அது நல்லா இருக்குமே" என்றார் இவர்.

"நாரா? ரப்பர் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு நார்ல உக்காந்து போனா எங்கக்கா என்ன சொல்லுவா?"

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு மழைக்குப் பயப்படுவதா? அத்தை, அதாவது என் மாமியார், பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த மரங்களில் பால் எடுத்து, தலையணைமேல் மூன்று பூச்சு பூசினேன். காய்ந்ததும் தேன் நிறத்தில் பளபளவென்று வந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். "உள்ள காயலம்மா. வெயில்ல இளகும். பவுடராச்சும் தூவிக்கோ."

என்னிடம் இருந்தது ஒரே ஒரு டப்பா பவுடர். அம்மா வீட்டில் முகத்துக்குப் போட வைத்திருந்தேன். முகமா அதுவா என்று யோசித்தேன், முகம்தான் ஜெயித்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் கிளம்பினோம். மயில் கரை போட்ட புதுப் பட்டுச் சேலை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் மெத்தை? அப்படி ஒரு சொகுசு. கம்பாரில் இவர் வண்டியை ஸ்டாண்டில் போட்டு, "இறங்கு லா, பசியாறலாம்" என்றார்.

"கொசுவம் கலஞ்சிரும். இங்கயே வாங்கிட்டு வாங்க" என்று பின் சீட்டில் உட்கார்ந்தபடியே தேத்தண்ணி குடித்தேன். ரப்பர் பால் உறைந்த கட்டிப்பால் நாற்றம் லேசாக அடித்தது. வழியெல்லாம் ரப்பர் தோட்டம், அதுதான் என்று நினைத்தேன். தென்னை மரங்கள் வந்த பிறகும் அந்த நாற்றம் கூடவே வந்தது.

வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். பக்கத்தில் பெரியக்கா. அண்டை வீட்டுச் சனமெல்லாம் வேடிக்கை பார்த்தது. இவர் இறங்கினார். நானும் எழுந்தேன், சேலை எழவில்லை. இழுத்தேன், வண்டியும் சேர்ந்து ஆடியது.

"என்னடி, காலு மரத்துப் போச்சா?" அக்கா குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஒட்டிக்கிச்சுக்கா."

"எது?"

"நானு."

இவர் தலையணைக் கட்டை அவிழ்க்கக் குனிந்தார். "அவுக்காதீங்க, அப்புறம் தலகாணியோடதான் வீட்டுக்குள்ள வருவா" என்றாள் அக்கா. அம்மா கவலையோடு வானத்தைப் பார்த்தார். "ராகு காலம் பொறந்துரும். மாப்பிள்ள, நீங்க பக்கத்துல நில்லுங்க" என்று சொல்லி, எங்கள் இருவரையும் மோட்டாரையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றினார். எங்கள் நெற்றியில் பொட்டு வைத்து, தட்டில் ஆரத்தி மிச்சம் இருந்ததால் வண்டியின் விளக்குக்கும் ஒரு பொட்டு வைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மானம் கப்பலேறிப் போனது மட்டுமில்லை, அக்கா முன்னால் போனது. நான் அழுவதைப் பார்த்ததும் அக்கா சிரிப்பை நிறுத்தினாள். உள்ளே ஓடி ஒரு கைலியும், மறுநாள் தலைக்குத் தேய்க்க வைத்திருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலும் கொண்டு வந்தாள். கைலியை என்னைச் சுற்றிப் பிடித்து, எண்ணெயை ஊற்றி, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள்.

"அழாதடி. நான் காடில வந்து இறங்குனப்ப நாய்கூட திரும்பிப் பாக்கல. ஒனக்கு ஊரே நிக்குது பாரு."

சேலை வந்தது. மயில்கள் மட்டும் தலையணையிலேயே தங்கிவிட்டன. திரும்பும்போது அம்மா கொடுத்த தேங்காய் நார் மெத்தையில்தான் உட்கார்ந்து வந்தேன். அருமையாக இருந்தது. (இதை இவரிடம் இன்றுவரை நான் ஒத்துக்கொள்ளவில்லை.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஆரத்தித் தட்டில் ஒரு சின்னப் போத்தல் தேங்காய் எண்ணெய் இல்லாமல் இருந்ததில்லை. அக்காவின் ஏற்பாடு. என் மகள் தலைத் தீபாவளிக்கு வந்தபோதும் அக்காதான் தட்டோடு நின்றாள். புது மருமகன் காடியிலிருந்து இறங்கி, போத்தலைப் பார்த்து, "இது எதுக்குங்க பெரியம்மா?" என்று கேட்டார்.

அக்கா என் பக்கமே திரும்பவில்லை. "வீட்டுக்கு வர்ற பொண்ணு நல்லபடியா இறங்கணும்ல மாப்பிள்ள, அதுக்குத்தான்" என்றாள்.

மருமகன் பயபக்தியோடு போத்தலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.