படுக்கையறைச் சல்லடையை மட்டும் விடமாட்டேன்

என் கரடிக்குட்டி ஸ்டெஃப்கோவுக்கு, மரூசியா எழுதுவது. நான் சுகம். நீ சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். வின்னிபெக்கில் பனி முழங்கால் வரை கிடக்கிறது. உன் கல்லறைக்கு வர வழியில்லை, கோபித்துக்கொள்ளாதே.

குளிர்காலத்துக்கு என்னோடு தங்க வந்த நம் மகள் டாரியா வந்த நாள் முதல் இருமுகிறாள். உலையிலிருந்து அறைகளுக்குச் சூடு வரும் தகரக் குழாய்களில் இருபது வருடத் தூசி, ஆள் வைத்துச் சுத்தம் செய்யணும் என்று ஒரே பிடி. மாட்டேன் என்றேன். கேட்காமலே வரவழைத்துவிட்டாள். ரோடெல் என்று ஒருவன், வாசலில் அவன் லாரி, அதிலிருந்து தூசியை உறிஞ்ச யானைத் துதிக்கை போல ஒரு குழாய். நிலவறையில் தகரத்தை வெட்டி அதைச் செருகிவிட்டு அறை அறையாகக் குழாய்களுக்குள் காற்றை ஊதிக்கொண்டே வந்தான். நான் படுக்கையறைத் தரையில் சூடு வரும் இரும்புச் சல்லடைமேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"கொஞ்சம் எந்திரிங்கம்மா."

"மாட்டேன்."

"இத விட்டா தூசி திரும்ப எல்லா ரூமுக்கும் போயிடும்மா."

"போகட்டும். அது என் புருசன்."

"அப்பா போயி எட்டு மாசமாச்சும்மா," என்றாள் டாரியா. "குழாய்க்குள்ள இல்ல."

அவளுக்கு என்ன தெரியும். டாக்டரிடம் சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, உலையைப் பார்த்து வருகிறேன் என்று நீ கீழே போவாய். வீட்டுக் காற்றைத் திரும்ப இழுக்கும் சல்லடைக்குள் புகையை ஊதினால் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தாய். அட அறிவாளி, அது உலைக்குப் போய், சுடச்சுட எல்லா அறைக்கும் வரும். மேலே துணி மடித்துக்கொண்டிருந்த என் பாவாடைக்குள் உன் புகை வரும். நீ புதினா மிட்டாய் மென்றபடி ஏறி வந்து, "உலை நல்லாத்தான் இருக்கு மரூசியா" என்பாய். பதினோரு வருடம் நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் உலை பற்றிக்கொண்டதும் முதல் மூச்சு நீதான். அதை லாரிக்காரனுக்குக் கொடுப்பேனா? அந்த ஒரு சல்லடையை விட்டுவிட்டுப் போனான்.

அங்கே உன் அப்பாவுக்கு என் வணக்கம். உன் அம்மாவுக்கும், கேட்டால்.

உன் மரூசியா

பி.கு.: இன்று காலை டாரியா மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறினாள். நானே ரோடெலைக் கூப்பிட்டேன், நானே நாற்காலியை நகர்த்தினேன். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இப்போது வெறும் சூடு வருகிறது. அவள் தூங்குகிறாள். உன் இதயத்துக்குப் புகை ஆகாது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு நாளாவது படியிறங்கி வந்து உன்னைப் பார்த்துக் கத்தியிருந்தால் சிகரெட்டை அணைத்திருப்பாயா, இல்லை கார் கொட்டகைக்குப் போய்ப் பிடித்திருப்பாயா?